வலது கையின் சதவிகிதம்

கை ரொம்பவும் குணமாகிவிட வேண்டாம் என்று எங்களிடம் வந்து சொன்னவர் தொழிற்சங்கத்துக்காரர். நல்ல மனுஷன்தான். எங்களுக்காக அலையாத அலுவலகம் இல்லை. அன்றைக்கு நான் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, என் வீட்டுக்காரரின் வலது கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் வாடிக்கொண்டே போனது.

"என்னம்மா இது, விரலை இப்படி நீட்டறாரு?"

"தினமும் நான் நீட்டிவிடறேன்ல," என்றேன். மெடல் குத்துவார் என்று நினைத்தேன்.

"அதைத்தாம்மா கொஞ்சம் நிறுத்தி வைங்கன்னு சொல்ல வந்தேன். போர்டு பாக்கற வரைக்கும்."

என் வீட்டுக்காரருக்கு வேலை ஒரு பெரிய சலவை ஆலையில். ஓட்டல் விரிப்புகளும் ஆஸ்பத்திரி விரிப்புகளும் மலை மலையாக அங்கே வரும். துவைத்த ஈர விரிப்பை, சூடேறிச் சுழலும் ரோலருக்குள் விடுவது அவர் வேலை. இந்தப் பக்கம் ஈரமாகப் போவது அந்தப் பக்கம் இஸ்திரி போட்டுக்கொண்டு வரும். அவருடைய சொந்தச் சட்டையில்கூட மடிப்பு கத்தி மாதிரி நிற்கும் என்பதால் ஆலையில் அவருக்கு மடிப்பு என்றே பெயர். ஒரு நாள் விரிப்பின் ஓரம் சுருண்டுகொண்டு போக, அதை உள்ளங்கையால் நீவிவிட்டார். ரோலர் கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டது. கை பட்டால் மெஷின் நிற்பதற்கென்று முன்னால் ஒரு கம்பி உண்டு. அந்தக் கம்பி சும்மா சும்மா மெஷினை நிறுத்துகிறது, வேலை ஓடவில்லை என்று அதைத் துணியால் கட்டி வைத்திருந்தார்கள். கட்டச் சொன்னது சூப்பர்வைசர். கட்டியது யார் என்று கேட்டால் ஆலையில் ஒருவருக்கும் வாயில்லை.

ஆனால் யார் தப்பு என்பது இழப்பீட்டுக்குத் தேவையே இல்லையாம். கை எவ்வளவு கெட்டுப்போனது என்பதுதான் கேள்வியாம். டாக்டர்கள் உட்கார்ந்திருக்கும் போர்டு கையைப் பார்த்து ஒரு சதவிகிதம் போடும். பாதிக்கு மேல் போட்டால் ஆயுசுக்கும் மாதாமாதம் பணம் வரும், அவர் அந்த மெஷின் முகத்தில் முழிக்க வேண்டியதில்லை. பாதிக்குக் கீழே போனால் ஏதோ கொஞ்சம் கையில் கொடுத்து, வேலைக்குப் போ என்று அனுப்பிவிடுவார்கள். 

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுத்த அம்மா. தொடையிலிருந்து தோலை எடுத்து உள்ளங்கையிலும் விரல்களிலும் ஒட்டியிருந்தார்கள். அந்தத் தோல் தானாக உள்ளே இழுக்கும், ஈரத் தோல் வெயிலில் காய்ந்து சுருங்குகிற மாதிரி சுருங்கும் என்று அந்த அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "வலிக்குதுன்னு பாவம் பாத்தீங்கன்னா விரல் மடங்கினது மடங்கினதுதான். அப்புறம் கத்தி வெச்சாலும் பழையபடி விரியாது." இன்னொன்றும் சொன்னார். அந்தத் தோலுக்குச் சூடு தெரியாது, எதைத் தொட்டாலும் முதலில் இடது கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள் என்றார்.

அன்றிலிருந்து காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. கையை என் மடியில் வாங்கி, எண்ணெய் தடவி, ஒவ்வொரு விரலாக இழுப்பேன். அவர் அலறுவார். "கொலைகாரி" என்பார். என் பிறந்த வீட்டில் ஒருவரைக்கூட விடாமல் திட்டித் தீர்ப்பார். மகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாள். "தொடையால சாப்பிடற ஒரே ஆம்பள உலகத்துலயே நீங்கதான்" என்று நான் எதையாவது சொல்லி வைப்பேன். சிரிக்கிற நேரத்தில் இன்னும் கொஞ்சம் இழுத்துவிடலாம்.

சங்கத்துக்காரர் போனபிறகு அவர்தான் முதலில் பேசினார்.

"நீ என்ன சொல்ற?"

நான் என்ன சொல்வேன்? தையல்கடைக்காரர் அனுப்பும் சட்டைகளுக்குப் பட்டன் தைத்துக் கொடுக்கிறேன். அது மகளின் பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் போதும். நிறுத்திவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது.

"எனக்குக் கை வேணும்டி," என்றார். "ஒண்ணுக்குப் போயிட்டு ஜிப்பு போட உன்னையா கூப்பிடறது?"

"கூப்பிட்டா வராமயா போயிடுவேன்?" என்றேன். சொல்லிவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்தேன். கடைசியில் இப்படி முடிவானது: பயிற்சியை விடுவதில்லை. போர்டில் போய் விரல் வரவில்லை என்று நடிப்பது.

நடிப்பு அவருக்குச் சுட்டுப் போட்டாலும் வராது. எங்கள் வீட்டில் சூட்டை வைத்துப் பழமொழி பேசக்கூடாதுதான், ஆனால் வேறு எப்படிச் சொல்வது? நான் டாக்டராக நாற்காலியில் உட்கார்ந்து, "விரலை நீட்டுங்க" என்பேன். அவர் பாதி நீட்டி, பல்லைக் கடித்து, ஒரு கண்ணை மூடி, "ஆ" என்பார். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். "அப்பா, கைக்கு எதுக்கு கண்ணை மூடறீங்க?" என்பாள். அந்தச் சில நாட்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. விபத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

போர்டுக்குப் போகிற அன்றைக்குப் பழைய சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். பட்டனைத் திறந்தே விடச் சொன்னேன். கேட்டால்தானே! இடது கையாலேயே இஸ்திரி போட்டு, மடிப்பு நிற்க ஒரு சட்டை. "கசங்கின சட்டையோட ஒரு டாக்டர் முன்னாடி போய் நிக்க மாட்டேன்" என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சு கொள்ளாத கூட்டம். காலைத் தூக்கி வைத்திருப்பவர்கள், கழுத்துப் பட்டைக்காரர்கள், கண்ணில் கட்டுப் போட்டவர்கள். எல்லோரும் உள்ளதைவிட ஒரு படி மோசமாகவே உட்கார்ந்திருந்த மாதிரி எனக்குப் பட்டது. ஒருவர் பெயரைக் கூப்பிட்டதும் விறுவிறுவென்று எழுந்துவிட்டு, பிறகு நினைவு வந்து நொண்டினார். யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அதே வயிற்றுப்பாடுதானே.

உள்ளே இருந்த டாக்டர் சிடுமூஞ்சியாக இருந்திருந்தால் நாங்கள் தப்பித்திருப்போம். என் வீட்டுக்காரரை யாராவது அதட்டினால் கல்லு மாதிரி நிற்பார். இந்த டாக்டர் அவரை உட்காரச் சொன்னார். கையைப் பூ மாதிரி வாங்கிக்கொண்டார். ஒரு பிளாஸ்டிக் அளவுகோலை விரல் மூட்டில் வைத்து வைத்துப் பார்த்தார். என் வீட்டுக்காரர் ஒத்திகை பார்த்தபடியே விரலைப் பாதியில் பிடித்து வைத்திருந்தார். நெற்றியில் வியர்வை. ஒரு கண்ணை மூடவில்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

டாக்டர் அளவுகோலைக் கீழே வைத்தார்.

"இவ்வளவு ஆழமா வெந்த கை இந்த அளவுக்கு வந்து நான் பாத்ததில்லீங்க. எங்க பயிற்சி எடுத்தீங்க?"

"வீட்லதான் சார்."

"வீட்லயா? யாரு பண்ணிவிட்டாங்க?"

என் வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மனுஷன் என்னை ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. சாப்பாடு நன்றாக இருந்தால் பேசாமல் சாப்பிடுவார், அவ்வளவுதான் பாராட்டு. அப்படிப்பட்டவர் வாயைத் திறந்தார்.

"இவதான் சார். ஒரு நாள் விட்டதில்ல. ஜுரம் வந்து படுத்திருந்தப்பகூட எழுந்து உக்காந்து பண்ணிவிட்டா. நான் வாய்க்கு வந்தபடி திட்டுவேன், ஒரு தடவை எட்டி உதைச்சிட்டேன்கூட. அப்பவும் கையை விடல. இப்ப நானே பட்டன் போடறேன் சார். எல்லாம் இவ பண்ணினது."

நான் இருமினேன். காலால் அவர் காலை மிதித்தேன். அவர் எங்கே கண்டுகொண்டார்? சட்டையின் மேல் பட்டனைக் கழற்றி, அந்த வலது கையாலேயே திரும்பப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஒரு பெரிய டாக்டர் முன்னால், இத்தனை வருஷம் கழித்து, என் புருஷன் என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறார்.  அதற்கு அடுத்த நிமிஷம் சதவிகிதம் நினைவுக்கு வந்தது.

"வலி இருக்கா?"

"இல்ல சார்," என்றார். உண்மைதான். அந்தத் தோலுக்கு எதுதான் தெரியும்?

"டாக்டர், அந்தக் கைக்குச் சூடே தெரியாதுங்க," என்று நான் குறுக்கே விழுந்து சொன்னேன். "கொதிக்கற பாத்திரத்தைத் தூக்கிட்டு நிப்பாரு."

"புரியுதும்மா. ஆனா நாங்க இங்க பாக்கறது விரல் எவ்வளவு அசையுது, எவ்வளவு பிடிக்குதுன்னுதான்." எழுதிக்கொண்டே சொன்னார். பிறகு நிமிர்ந்து, "நல்லா பாத்துக்கிட்டிருக்கீங்க" என்றார். மனதாரத்தான் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "தப்பாப் பேசிட்டேனோ?" என்று கேட்டார். என் வாய் ஊரறிந்த வாய். ஆனால் அன்றைக்கு அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. "பரவாயில்ல விடுங்க" என்றேன்.

பன்னிரண்டு சதவிகிதம் போட்டிருந்தார்கள். வேலை செய்யத் தகுதி உண்டு என்றும் எழுதியிருந்தார்கள். அதுவரை மாதாமாதம் வந்துகொண்டிருந்த அரைச் சம்பளம் நின்றது. கையில் கொடுத்த தொகை வந்த சுவடு தெரியாமல் கடனுக்குப் போனது. சூப்பர்வைசர் போன் செய்து நலம் விசாரித்தார். ரோலரில் மட்டும்தான் இடம் காலி, வரவில்லை என்றால் வேலையை விட்டதாக எடுத்துக்கொள்வோம் என்றார். அதையும் நலம் விசாரித்த அதே குரலில்தான் சொன்னார்.

மடிப்பு கலையாத சட்டையோடு போனார். கம்பியைக் கட்டியிருந்த துணியை அவிழ்த்துவிட்டார்கள் என்று முதல் நாள் வந்து சொன்னார். கொஞ்ச நாளில் மறுபடி கட்டிவிட்டார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. பக்கத்தில் வேலை செய்பவரின் மனைவியிடமிருந்து எனக்குத் தெரிந்தது.

ஒரு சாயங்காலம் வழக்கம்போலக் கையை மடியில் வாங்கினேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நுனியில் வெளுத்து, தோல் பிய்ந்து தொங்கியது.

"ஐயோ, இது எப்போ?"

"மத்தியானம்." வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தார். "பக்கத்துல நின்னவன், என்னமோ கருகற வாசனை வருதுடா மடிப்புன்னான். துணி போலருக்குன்னு நானும் தேடினேன்."

 மறுநாள் காலையிலேயே சங்கத்துக்காரரைப் போய்ப் பார்த்தேன். இந்தச் சூட்டுக்காயத்தைக் காட்டினால் என்ன என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். "இது ஆறிடும்மா. ஆறிடுச்சுன்னா கணக்குல வராது. ஒரு வருஷத்துக்குள்ள கை பழையபடி மோசமாச்சுன்னா மட்டும் மறுபடியும் பாக்கச் சொல்லிக் கேக்கலாம். விரல் சுருங்கியிருக்கணும்." அதை அப்படியே வீட்டில் வந்து சொன்னேன். 

அன்று சாயங்காலம் எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்தேன். அவர் கையைத் தரவில்லை. விரல்களை மடக்கி நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்தார்.

"வேணாம். இனிமே வேணாம்."

"வெளையாடாதீங்க, கொடுங்க. விட்டா அப்புறம் விரியாதுன்னு அந்தம்மா சொன்னாங்கல்ல?"

"விரிய வேணாம்னுதான் சொல்றேன்."

"கை வேணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்." குரல் உயரவே இல்லை. "இன்னொரு தடவை உள்ள இழுத்துச்சுன்னா எனக்குத் தெரியாதுடி. முழங்கைக்கு வந்தப்புறம்தான் தெரியும். அதுக்கு இந்த அஞ்சு விரல் மட்டும் போகட்டும்."

 நான் கத்தினேன். பைத்தியமா உங்களுக்கு என்றேன், நான் பட்ட பாட்டை மண்ணாக்கப் பார்க்கிறீர்களா என்றேன். அழுதுகொண்டே அவர் மணிக்கட்டைப் பிடித்து என் மடிக்கு இழுத்தேன். கை வந்தது. விரல்கள் மூடியபடியே வந்தன. இரண்டு கையாலும் பிடித்து, ஒரு விரலையாவது பிரித்துவிடலாம் என்று பார்த்தேன். அவர் என்னைத் திட்டவில்லை, உதைக்கவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். சுண்டுவிரலைக்கூட என்னால் அசைக்க முடியவில்லை. அந்தக் கைக்கு அவ்வளவு பலம் வந்திருந்தது.