நடுவில் நின்ற பச்சை

1

அங்கப்பனின் சோளக்காட்டில் நடுவே ஒரு பட்டை மட்டும் கரும்பச்சையாக நிற்கிறது. இரண்டு பக்கமும் பயிர் சோர்ந்து கிடக்கிறது. ஏன் என்று அவருக்குப் புரியவில்லை.

நேற்றுவரை நான் எழுதியதில் இது பார்லிக்காடு. எருவையும் ரசாயன உரத்தையும் சேர்த்து இட்டால் பார்லியும் தேறும், மண்ணும் தேறும் என்று படித்ததில்தான் கதை பிறந்தது. ஆனால் தாராபுரம் பக்கம், அதுவும் 1994இல், பார்லி விதைத்தது யார்? பயிரை மாற்றிவிட்டேன்.

2

அங்கப்பன் யூரியாக் கட்சி. அவர் மனைவி சாந்தாமணி எருக் கட்சி. பேசித் தீராமல், காட்டின் குறுக்கே கயிறு கட்டி ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். சோளத்தட்டு தேறாவிட்டால் கோடையில் தீவனம் இல்லை. சாந்தாமணி கன்றிலிருந்து வளர்த்த இரண்டு எருமைகளையும் சந்தைக்கு ஓட்ட வேண்டியதுதான்.

(இங்கே ஒரு வேளாண்மை அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கி, "இதற்குக் காரணம் என்னவென்றால்..." வேண்டாம். திருப்பி அனுப்பிவிட்டேன். அவர்களே பேசட்டும்.)

3

"ஏனுங்க, உங்க பக்கம் ஏன் இப்படிச் சாம்பிக் கெடக்குது? யூரியா மூட்டையப் பாத்துப் பயந்துக்கிச்சுங்களா?"

"உன்ற பக்கம் மட்டும் என்னவாம்? மஞ்சக் குளிச்சுப்போட்டு நிக்குது!"

"அப்ப நடுவால நிக்கறது யாருதுங்க?"

அங்கப்பன் கயிற்றருகே போய் நின்றார்.

"நீங்க வீசுன யூரியா கயித்தத் தாண்டி உழுந்துச்சுங்க. நான் அப்பவே சத்தம் போட்டனே."

"உன்ற எருவுந்தான் இந்தப் பக்கம் சரிஞ்சுது, அம்மணி." குனிந்து மண்ணைக் கிள்ளினார். "ரெண்டும் உழுந்த எடம் இதுதான்."

4

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது, பொறுத்துக்கொள்ளுங்கள். சாந்தாமணி எருக்குழியின் மேலிருந்து அள்ளியது சரியாக மக்காத எரு. அதன் கூளத்தைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தையும் இழுத்துக்கொண்டன, பயிர் மஞ்சளானது. அங்கப்பனின் மண்ணிலோ மக்கிய பொருள் இல்லை. பாய்ச்சிய தண்ணீரோடு யூரியா ஆழத்துக்குப் போய்விட்டது. நடுவில் யூரியா இருவருக்கும், அதாவது நுண்ணுயிருக்கும் பயிருக்கும், போதுமானதாக இருந்தது. எரு அதைப் போகவிடாமல் பிடித்துவைத்தது.

5

முதல் முடிவு: அங்கப்பன் தோல்வியை ஒப்புக்கொள்கிறார். (எழுதிய எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

இரண்டாம் முடிவு: சாந்தாமணி எருமைகளை அவிழ்த்து, சந்தை வழியில்...

இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். பயிர் இன்னும் இளசுதான், தேற நேரம் இருக்கிறது. காட்டின் குறுக்கே கட்டிய கயிற்றை முதலில் அவிழ்த்தது யார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவிழ்த்த பின் நடந்தது இது: மஞ்சள் பாதிக்குக் கொஞ்சம் யூரியா வைத்தார்கள். அங்கப்பனின் பாதியில், குழியின் அடியில் நன்றாக மக்கிய எருவை வரிசைகளுக்கு நடுவே போட்டுக் கொத்திவிட்டு, யூரியாவை ஒரேயடியாக வீசாமல் ஈரம் பார்த்துப் பிரித்து வைத்தார்கள்.