பாலேந்திரா அண்ணை இருக்கும்வரை

லண்டன் வெம்பிளியில் ஒரு வீட்டை முருகேசன் பாதி விலைக்கு வாங்கினார். ஆனால் அதில் குடியேற முடியாது. வீட்டை விற்ற பாலேந்திரா இன்னும் அங்கேதான் இருந்தார். ஒப்பந்தமே அப்படி: வீடு முருகேசனுடையது, சாகும்வரை அதில் வாடகையில்லாமல் வாழும் உரிமை பாலேந்திராவுடையது.

பாலேந்திராவுக்கு எழுபத்திரண்டு வயது. மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. நெஞ்சில் ஒரு ஸ்டென்ட், விரலிடுக்கில் எந்நேரமும் சிகரெட். ஹீத்ரோ சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்த முருகேசனுக்கு ஐம்பத்தொன்று. ‘கொஞ்சக் காலம் பொறுத்தால் சரி’ என்று தனக்குள் சொல்லிக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டார். கொஞ்சக் காலம் என்றால் என்ன என்று யாராவது கேட்டிருந்தால் நாக்குக் குழறியிருக்கும்.

சனிக்கிழமைகளில் கூரை பார்க்கப் போவதாகச் சொல்லிக் கிளம்புவார். வெறுங்கையோடு போக மனம் வராமல் மட்டன் ரோல்ஸ் வாங்கிக்கொள்வார்.

“இஞ்சாருங்கோ, ஸ்டென்ட் வச்ச மனுசனுக்கு எண்ணெயிலை பொரிச்சதைக் குடுக்கிறியள். அன்பிலையோ, அவசரத்திலையோ?” என்று கேட்டார் மனைவி பிறேமினி.

அடுத்த சனிக்கிழமை முருகேசன் அப்பிள் வாங்கினார். பஸ்ஸில் போகும்போதே, தினமும் அப்பிள் தின்றால் ஆயுள் எவ்வளவு கூடும் என்று போனில் தேடினார். தேடிய விரலைப் பார்த்துத் தானே சிரித்தும்கொண்டார்.

பாலேந்திரா இருமினால், “மருந்து குடிச்சனீங்களோ அண்ணை?” என்று வாய் பதறும். உள்ளே இன்னொருவன் இருமலின் கனத்தை நிறுத்துப் பார்ப்பான். அவனை முருகேசனுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் விரட்டவில்லை.

மூன்றாம் வருஷம் மாசி மாதம், பின்னறைக் கூரை ஒழுகியது. திருத்தும் பொறுப்பு வீட்டுக்குச் சொந்தக்காரரான முருகேசனுடையது. ஏணியோடு போனார். குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த பாலேந்திரா, கோப்பையோடு அப்படியே சரிந்தார். மூச்சில்லை.

முருகேசன் அம்புலன்ஸுக்கு அடித்துவிட்டு, போனைத் தரையில் வைத்து, முழங்காலில் நின்று நெஞ்சை அழுத்தத் தொடங்கினார். வேலையிடத்து முதலுதவி வகுப்பில் பிளாஸ்டிக் பொம்மையை அழுத்தியபோது பகிடி விட்டவர்தான் அவர். இப்போது கண்ணீரும் வியர்வையும் ஒன்றாக வழிந்தன. “விட்டிட்டுப் போகாதேங்கோ அண்ணை!” என்று கத்திக்கொண்டே அழுத்தினார். அம்புலன்ஸ் வரும்வரை கையை எடுக்கவில்லை; அது வாசலுக்கு வந்தபோது உள்ளங்கைக்குக் கீழே நெஞ்சு மறுபடி துடித்தது.

அவரை ஏற்றிக்கொண்டு போன பிறகுதான், வீடு தன்னுடையது என்பதே முருகேசனுக்கு நினைவு வந்தது. குசினித் தரையில் இருந்தபடி, ‘அட விசரா, உன்ரை முதலீட்டை நீயே தள்ளிப்போட்டிட்டியே’ என்று வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிந்திக் கிடந்த தேத்தண்ணியைத் துடைத்தார்.

பாலேந்திரா பிழைத்தார். சும்மா பிழைக்கவில்லை, சிகரெட்டை விட்டார், மெலிந்தார், இதய நோயாளிகளின் நடைக் குழுவில் சேர்ந்தார். அங்கே றோஸ்மலரைச் சந்தித்தார். கார்த்திகையில் முருகேசனைக் கூப்பிட்டு, றோஸ்மலரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னார்.

“தம்பி, நாங்கள் கலியாணம் செய்யப் போறம். எனக்குப் பிறகு இவ தெருவிலை நிக்கக்கூடாது. அந்தப் பத்திரத்திலை இவவின்ரை பேரையும் சேர்க்கேலுமோ?”

“நான் கேக்கச் சொல்லேல்லை. உங்கடை வீடு, உங்கடை விருப்பம்,” என்றார் றோஸ்மலர்.

முருகேசனுக்குள் இருந்தவன் உடனே விழித்துக்கொண்டான். “அக்காவுக்கு... எத்தினை வயசு?”

“அறுபது. நீங்கள்?”

“ஐம்பத்தி நாலு.”

“அப்ப ஆர் முந்திப் போவினம் எண்டு சொல்லேலாது,” என்று றோஸ்மலர் சிரித்தார்.

முருகேசனும் சிரித்துவிட்டார். அந்த மனிதரின் நெஞ்சு தன் உள்ளங்கைக்குக் கீழே மறுபடி துடித்ததை உணர்ந்தவர் அவர். இனி அந்த உயிரின் நாட்களை எண்ண அவரால் முடியாது.

வீட்டுக்கு வந்ததும் பிறேமினி கேட்டார்: “என்ன சொன்னனீங்கள்?”

“யோசிச்சுச் சொல்லுறன் எண்டனான்.”

“பொய்.”

“ஓம் எண்டிட்டு வந்திட்டன்.”

பிறேமினி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், “கலியாணத்துக்கு எந்தச் சாறி கட்டுறது?” என்று கேட்டார்.

ஹரோவில் இருந்த சொலிசிட்டர் பிரியம்வதா, தமிழ்நாட்டுப் பெண், பத்திரத்தை இரண்டு முறை படித்தார்.

“சார், இதுல உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை. யாராவது வற்புறுத்துறாங்களா?”

“ஒருத்தரும் இல்லை, தங்கச்சி.”

“அப்புறம் ஏன் பண்றீங்க?”

“தெரிஞ்சால் செய்யமாட்டன் போலை.”

பிரியம்வதா இன்னொரு தாளை நீட்டினார். இது நஷ்டம் என்று தெளிவாக எச்சரிக்கப்பட்டும், சுயபுத்தியுடன், தானாக விரும்பியே கையொப்பமிடுகிறார் என்று அதில் இருந்தது. முருகேசன் நிதானமாக வாசித்தார். தன்னைப் பற்றி இவ்வளவு சரியாக எழுதிய தாளை அவர் அதுவரை கண்டதில்லை. ‘சுயபுத்தியுடன்’ என்ற இடத்தில் மட்டும் சின்னச் சந்தேகம். அதைச் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார்.