சத்திரத்துக் கல்லில் வெள்ளைக் கோடு

"எல்லாத்தையுமா கழுவினீங்க?"

"பின்ன? பாதிய கழுவிட்டு பாதிய அப்டியே வுடுவாங்களா? முப்பத்தாறு கல்லும்தான். புளி போட்டுத் தேய்ச்சி, மஞ்சா பூசி, பொட்டு வச்சிக்கீறோம். வெள்ளிக்கெழம அதுவுமா கரி மூஞ்சியோட மல்லாந்து கெடக்குது, பாக்க சகிக்கல." மகளிர் குழுத் தலைவி சுந்தராம்பாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "இன்னாம்மா மூஞ்சி இப்டி போவுது? நல்லா இல்லியா?"

நன்றாகத்தான் இருந்தது. அதுதான் தென்றலுக்குச் சிக்கல். வெயிலில் வரிசையாகக் கிடந்த பலகைக் கற்கள் ஒவ்வொன்றும் குளித்துவிட்டு வந்தவை போலப் பளபளத்தன. நேற்றுவரை அந்தக் கரியின் மேல் அவள் சாக்பீஸால் எழுதிய எண்கள் இருந்தன. இப்போது ஒன்றுகூட இல்லை.

ஒரகடம் சாலையிலிருந்து உள்ளே தள்ளிக் கிடக்கும் ஊர் அது. ஒரு வருஷத்துக்கு முன்பு இந்தச் சத்திரத் தெருவுக்கு லாரிக்காரர்கள் ஒதுங்கத்தான் வருவார்கள். இப்போது குளத்தில் தண்ணீர் நின்றது. பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன யாரோ ஒரு பெண்ணின் நினைவாக நட்ட சுமைதாங்கிக் கல், சாய்வு நீங்கி நிமிர்ந்து நின்றது. ஓட்டு வீடுகளில் விளக்கு எரிந்தது; கம்பெனி ஹாஸ்டல் பெண்கள் சாயங்காலமானால் டீ குடிக்க நடந்து வந்தார்கள். மீதமிருந்தது குளக்கரை மண்டபத்தின் கூரை ஒன்றுதான். தூண்களின் அஸ்திவாரம் இறங்கியிருந்ததால் கூரைக் கற்களுக்கு எண் போட்டு, பிரித்து, கீழே வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். தூண்கள் சரியாகிவிட்டன. நாளைக் காலை கிரேன் வருகிறது. வருகிற இருபதாம் தேதி திறப்பு விழா. பழைய கட்டடங்களைச் சீரமைக்கும் பொறியாளர், மண்ணூர்க்காரியான தென்றல் தனிப்பொறுப்பாக எடுத்துச் செய்யும் முதல் வேலை இது.

"பழைய கல்லுல ஒரு சொட்டு பெயிண்ட் படக்கூடாதுன்னு நீதானம்மா ஒத்தக் கால்ல நின்ன?" என்றார் கல்தச்சர் தாண்டவராயன். "பெயிண்டா இருந்தா போயிருக்குமா?"

"போட்டோ இருக்குண்ணே."

"போட்டோவுல இன்னா கீது? கீழ நின்னு எடுத்தது. நூறு வருஷத்து அடுப்புப் புகை. கன்னங்கரேல்னு ஒரே இருட்டு. கையால கொத்துன கல்லு இது, ஒண்ணோட தோள்ல இன்னொண்ணு உக்காரணும். மாத்திப் போட்டா ஒழுவும், இல்லாட்டி ஒடையும். ஒவ்வொண்ணா தூக்கிப் பொருத்திப் பாக்க மூணு மாசம் ஆவும்."

சுந்தராம்பாளுக்கு அப்போதுதான் புரிந்தது. "அய்யய்யோ, அது நம்பரா? பசங்க கிறுக்கினு போயிருக்குதுங்கன்னு நெனச்சி நல்லா அழுத்தி இல்ல தேய்ச்சோம்!"

தென்றல் குளத்துப் படியில் போய் உட்கார்ந்தாள். யாரிடம் கோபப்படுவது? எண்களை எங்காவது மீண்டும் எழுதலாம் என்பதுபோல, காரணமில்லாமல் பைக்குள் சாக்பீஸைத் தேடினாள். கைக்கு வந்தது ஒரு வெள்ளை மார்க்கர்.

அது அவளுடையது அல்ல, முப்பிடாதியுடையது. மேல்தளத்துச் சுண்ணாம்பை உடைக்க, ஒரு கார் கம்பெனியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் உதவிக்கு வந்த பெண்களில் ஒருத்தி. தென்காசிப் பக்கம். கூரையைப் பிரிக்கும் முன்பு, அதன் மேல் குந்தி உட்கார்ந்து இரண்டு கற்கள் சேருமிடத்தில் கோடு இழுத்துக்கொண்டிருந்தவளைத் தென்றல் எல்லார் முன்னாலும் திட்டி, மார்க்கரைப் பிடுங்கி, இனிமேல் வராதே என்று அனுப்பிவிட்டாள். அன்று சுண்ணாம்புப் பொடிக்கு நடுவே கண்ணில் பட்டது ஒரே ஒரு கோடு. சரி, ஒரு கோடு மட்டும்தானா?

"அண்ணே! ஒரு கல்லைப் புரட்டுங்களேன்."

கடப்பாரை போட்டு நான்கு பேர் நெம்பினார்கள். மண்ணோடு ஒட்டிக் கிடந்த மேல்பக்கம் திரும்பியது. ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு, கல் முடியுமிடத்தில் பாதியில் நின்றது. அடுத்த கல்லிலும் ஓரமெல்லாம் கோடுகள். ஒன்று சாய்வாக, ஒன்று நேராக, ஒன்று இரட்டையாக. நான்காவது கல்லைப் புரட்டியதும் தாண்டவராயன் உட்கார்ந்து, இரண்டாவது கல்லின் ஓரத்தையும் இதன் ஓரத்தையும் கண்ணால் அளந்தார். ஒன்றில் நின்ற சாய்கோட்டின் மீதி மற்றதில் இருந்தது, இரண்டாகக் கிழித்த கடிதத்தின் ஓரங்களைப் போல.

"அடி ஆத்தே," என்றார் அவர். தென்றலுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சுந்தராம்பாள், யாரும் கேட்காமலே, எல்லாருக்கும் டீ சொல்ல ஓடினாள்.

முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய முப்பிடாதி, யூனிபார்மோடு நேராக வந்தாள். போனில் கூப்பிட்டதும் இன்னும் ஏதோ திட்டு பாக்கி என்று நினைத்துவிட்டாளாம்.

"எல்லா மூட்டுலயும் போட்டிருக்கே. ஏன் சொல்லல?"

"நீங்க எங்கக்கா சொல்லவிட்டீங்க? நான் போட்டு முடிச்ச பொறவுல்லா பாத்தீங்க. கடைசிக் கோடு அது." அவள் குனிந்து கல்லைத் தடவினாள். "கம்பெனியில கார் மாட்டுத லைன்ல போல்ட்ட முறுக்கினதும் போல்ட்டையும் அடியையும் சேத்து ஒரு கோடு போடணும். அசைஞ்சா கோடு ஒடஞ்சு காட்டிக் குடுத்துரும். ரெண்டு சாமான் சேந்து இருக்கறதப் பாத்தாலே கை தன்னால போவுது. என்ன செய்ய?"

"மன்னிச்சிரு முப்பிடாதி." தென்றல் மார்க்கரை நீட்டினாள். "அன்னிக்கு எல்லார் முன்னாடியும் பேசினேன். இப்பவும் எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

"விடுங்கக்கா, எங்க சூப்பர்வைசர விட நீங்க தேவல."

தாண்டவராயன்தான் முதலில் சிரித்தார். மாலை வெயில் மஞ்சள் பூசிய கற்களின் மேல் இறங்கியது. கிரேன்காரனுக்கு, காலை ஆறு மணிக்கே வந்துவிடு என்று தென்றல் போன் செய்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவளுக்குப் பசித்தது.

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முப்பிடாதி தயங்கி நின்றாள்.

"அக்கா, ஷிப்டுக்கு நானூறு கோடு போடுதேன். அந்த வண்டியெல்லாம் எந்த ஊருக்குப் போவுது, யாரு ஓட்டுதா, ஒண்ணும் தெரியாது. இது மட்டுந்தான் இங்கனயே இருக்கப்போவுது. மேல சுண்ணாம்புத் தளம் போட்டு எல்லாத்தையும் மூடிருவீங்கள்லா? ஒரு மூலையில, ஒரே ஒரு கோட்ட மட்டும், மூடாம விட்டுருங்களேன்க்கா?"