எண்ணெய் பட்ட கம்பி

1

இந்தக் கதை என்னுடையதல்ல. என் தோழி கிளாரா, கட்டடப் பொறியாளர், நேற்று காலை வத்தலக்குண்டு பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னது. "பேரை மட்டும் மாத்திரு" என்றாள். மாற்றிவிட்டேன்.

2

முதல் வரி: "திண்டுக்கல்லில் அந்த மண்டபம் கம்பீரமாக..." வேண்டாம். பயந்தவளுக்குக் கம்பீரம் எங்கே தெரியும்?

மூன்று வருடத்துக்கு முன், மாடிக் கூரையின் உத்திரத்துக்குக் கான்கிரீட் போடும் காலை. கான்கிரீட் ஒட்டாமலிருக்க அச்சுப் பலகையில் பூச வேண்டிய எண்ணெய் கம்பிகள் மேல் கொட்டிக் கிடந்தது. துடைக்கச் சொன்னாள் கிளாரா. மேஸ்திரி கண்ணுசாமி, காத்து நிற்கும் கலவை லாரியைக் காட்டினார்.

"இம்புட்டு எண்ணெய்க்கு ஒண்ணும் ஆகாதும்மா. காஞ்சா தானா பிடிச்சுக்கும்."

சரி என்றாள்.

(கண்ணுசாமியை வில்லனாக்கப் பார்த்தேன். முடியவில்லை. சரி என்றது அவரல்லவே.)

3

கம்பியைக் கான்கிரீட் இறுகப் பிடித்திருந்தால், பாரம் ஏறும்போது உத்திரத்தில் மயிரிழைக் கீறல்கள் பல விழும்; எதுவும் அகலாது. பிடி விட்டால் கம்பி உள்ளே வழுக்கும். அப்போது விழுவது ஒன்றிரண்டுதான். ஆனால் வாய் பிளக்கும்.

போன வாரம் ஒரு பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்கு அந்த மண்டபத்தின் மாடிக்குப் போனவள் அண்ணாந்து பார்த்தாள். நட்டநடுவில் ஒரே விரிசல். ஏணி கேட்டு ஏறி, பஸ் டிக்கெட்டை மடித்து நுழைத்தாள். முழுசாக உள்ளே போயிற்று.

மண்டபக்காரர் பாக்கியராஜிடம் எண்ணெய் விஷயத்தைச் சொன்னாள். அவர் சொன்னார்: "பட்டி பாத்து பெயின்ட் அடிச்சிரலாம்மா. ஞாயித்துக்கிழமை கல்யாண விருந்து, நானூறு பேரு வாராங்க. ஆமா, அன்னைக்கே ஏன் சொல்லல?"

4

முடிவு ஒன்று: அதிகாரியிடம் எழுதிக் கொடுக்கிறாள். (கொடுத்தாள். திங்கட்கிழமை வந்து பார்க்கிறோம் என்றார்கள்.)

முடிவு இரண்டு: அந்த உத்திரம் இன்னும் இருபது வருடம்... எழுதக் கை வரவில்லை.

நடந்தது இது. நேற்று மாடிக்கதவில் தானே ஒரு பூட்டைப் போட்டுவிட்டு பஸ் ஏறினாள். சாவியை என் கையில் திணித்தாள். "என்கிட்ட இருந்தா குடுத்துருவேன்."

5

இன்று ஞாயிறு. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. மணப்பெண்ணின் அம்மா, வியாகுலம்மாள்.

"சாவி உங்ககிட்ட இருக்காம். கிளாராதான் சொல்லுச்சு. பிள்ளைகள்லாம் படியில நிக்குதுக. கல்யாண நாளும் அதுவுமா பூட்ட உடைக்க வேணாம்னு பாக்குறேன். ஆள அனுப்பியிருக்கேன், குடுத்துருங்க."

காரணத்தைச் சொன்னேன்.

"இத்தன நாள் விழாததா இன்னைக்கு விழப்போகுது?" என்று கேட்டார்.

விழாது என்று எழுத முடியவில்லை. விழும் என்றும் தெரியவில்லை. வாசலில் பைக் வந்து நிற்கிறது. சாவியை உங்கள் பக்கம் நகர்த்துகிறேன். நீங்கள் போய்க் கதவைத் திறங்கள். என்ன சொல்லப்போகிறீர்கள்?