பதினான்கு சி-க்கு ஆள் வரவில்லை

பயிற்சிக்காக எழுதிவைத்த அபாய அறிவிப்பைக் கொண்டல் ஏர்லைன்ஸ் தவறுதலாக வெளியிட்டுவிட்டதால், இல்லாத விமானம் ஒன்று அன்று மதியத்திலிருந்து மதுரைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது. சின்ன விமானம். வாலில் நீலக் கோடு போட்டிருந்தது.

அறிவிப்பை எழுதியவள் செண்பகவல்லி. அந்த நிறுவனத்தின் மதுரை அலுவலகத்தில் செய்திப் பிரிவு என்றால் அவள் ஒருத்திதான். வருஷத்துக்கு ஒருமுறை அவசரகாலப் பயிற்சி வரும். அதற்கு ஒரு விமானத்தையும், விமானத்துக்கு ஓர் ஆபத்தையும், உள்ளே உட்காரப் பயணிகளையும் அவள்தான் கற்பனை செய்து தரவேண்டும். பெயர்களுக்கு மேசையில் கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளைப் புரட்டிக்கொள்வாள். எல்லாம் முடிந்தபின் மேலே ‘பயிற்சி’ என்று ஒரு சொல்லைச் சேர்ப்பாள். அன்றைக்கு அந்தச் சொல்லை முந்திக்கொண்டு கேன்டீனிலிருந்து சீரக சம்பா பிரியாணி வாசனை வந்துவிட்டது. எழுந்த வேகத்தில் எந்தப் பொத்தானை அமுக்கினாள் என்று அவளுக்கே தெரியாது. கை கழுவிக்கொண்டு திரும்பியபோது அறிவிப்பு ஊரெல்லாம் போயிருந்தது. விமானமும் வந்திருந்தது.

“சக்கரம் இறங்கவில்லை. உறவினர்கள் விமான நிலையத்துக்கு வரவும். எல்லாப் பயணிகளுக்கும் ஆள் வந்து சேர்ந்ததும் சக்கரம் இறங்கும். எரிபொருள் பொழுது சாயும்வரை போதும்.” இவ்வளவுதான் அறிவிப்பு. பயிற்சியில் எவரும் அசந்து உட்காரக் கூடாதே என்று கடைசி வரியை அவளாகச் சேர்த்திருந்தாள்.

உறவினர்கள் வந்தார்கள். கூடவே போன பட்டியலில் பயணியின் பெயருக்கு எதிரே அவள் எந்த உறவை எழுதியிருந்தாளோ அந்த உறவு தவறாமல் வந்தது. உசிலம்பட்டியிலிருந்து ஒரு குடும்பம் வேன் பிடித்து, ரோஜா மாலையோடு வந்தது. மைத்துனர் என்று எழுதிய இடத்துக்கு மைத்துனர் முறுக்கிக்கொண்டே வந்து, தனி நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தார். எல்லாருக்கும் டீயும் உளுந்தவடையும் கொடுத்தார்கள். யாரும் அழவில்லை. அழுவதைப் பற்றி அறிவிப்பில் ஒன்றும் இல்லை. போகப்போகக் கூடத்துக்குக் கல்யாண வீட்டுக் களை வந்துவிட்டது.

வெயில் தாழ்ந்ததும் மேலாளர் ஜெபராஜ் அவளிடம் வந்தார்.

“எல்லாருக்கும் ஆள் வந்தாச்சும்மா. பதினாலு சி-க்கு மட்டும் யாரும் வரல. யாரு அது?”

“ஆவுடையப்பன் சார். நாப்பத்தேழு வயசு.”

“பாவம், சொந்தம்னு ஒருத்தருமா இல்ல?”

செண்பகவல்லிக்கு அப்போதுதான் உறைத்தது. அது கடைசி இருக்கை. பெயரை எழுதினாள், வயதை எழுதினாள், உறவு எழுதவேண்டிய இடத்தில் கை இருக்கும்போதுதான் அந்த வாசனை வந்தது. ஒரு தட்டு பிரியாணிக்காக ஒரு மனிதனை அநாதையாக்கிவிட்டுப் போயிருக்கிறாள்.

“பேசாம மறுப்பு போட்டுருவோமா?” என்றார் ஜெபராஜ். “விமானமே இல்லைன்னு ஒரு வரி. எல்லாரும் வீட்டுக்குப் போயிரலாம்.”

அவள் வெளியே போய் அண்ணாந்து பார்த்தாள். விமானம் பெருங்குடிக் கண்மாய்க்கு மேலே தாழப் பறந்து திரும்பியது. மூன்று ஏ-காரர் கைக்குட்டையை ஆட்டிக்கொண்டிருந்தார். எதற்கெடுத்தாலும் கையசைப்பவர் என்று எழுதியிருந்தாள். அசைக்காமல் என்ன செய்வார்? கடைசி ஜன்னலில் ஒருவன் கண்ணாடியில் நெற்றியை வைத்துக் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். யாரைப் பார்ப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. இத்தனை பேரையும் இல்லை என்று எழுத அவளுக்குக் கை வராது. உசிலம்பட்டிக்காரர்கள் பிறகு அந்த மாலையை யார் கழுத்தில் போடுவார்கள்?

அவர்களிடமே போய்க் கேட்டுப் பார்த்தாள். கூட இன்னொருத்தரையும் கூட்டிப்போக முடியுமா?

“வேன்ல எடம் கெடக்கு தாயி,” என்றாள் மாலையை மடியில் வைத்திருந்த அம்மாள். “ஆனா தெருவுல யாரு இதுன்னு கேட்டா நாங்க என்ன முறை சொல்றது?”

நியாயமான கேள்விதான். செண்பகவல்லி மேசைக்குத் திரும்பி, காலியாகக் கிடந்த அந்த இடத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். அம்மா என்று எழுதினால் எங்கிருந்தோ ஒரு வயதானவள் முட்டிவலியோடு ஓடிவர வேண்டும். மனைவி என்று எழுதி முன்பின் தெரியாதவனுக்குக் கல்யாணம் செய்துவைக்க இவள் யார்? நண்பன் என்றால் வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுவான். ஜன்னலில் வெயில் ஆரஞ்சு நிறமாகிவிட்டது.

செண்பகவல்லி வீட்டுக்கு ஒற்றைப் பிள்ளை. அப்பாவும் அம்மாவும் போனபின் திருநகரில் தனியாக இருந்தாள். அவளை அதட்ட ஒரு மூத்தவன் இல்லையே என்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பெரிய குறை. தங்கை என்று அடித்து, பக்கத்தில் தன் பெயரைப் போட்டாள்.

போட்ட கையோடு அவளுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. மூன்று வருஷமாக ஒரு போன் உண்டா? அப்பாவின் வாட்சை எடுத்துக் கட்டிக்கொண்டு போனவன்தானே. முழங்காலில் ஒரு பழைய தழும்பு காரணம் தெரியாமல் இருந்தது. அதற்கும் இப்போது காரணம் தெரிந்தது. சைக்கிள் கற்றுத்தருகிறேன் என்று பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு வந்தவன், சொல்லாமல் கையை விட்டுவிட்டான். இவ்வளவு கோபப்படத் தனக்கு ஒருத்தன் இருக்கிறான் என்பதில் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“ஆள் வந்தாச்சு சார்.”

“யாரு?”

“நான்தான். எங்கண்ணன்.”

“இத்தனை நாள்ல ஒரு வார்த்தை சொல்லலியேம்மா,” என்றார் ஜெபராஜ்.

சக்கரம் இறங்கியது. விமானம் பூப்போல வந்து நின்றது. மாலை போட்டார்கள், கட்டிப்பிடித்தார்கள். மைத்துனருக்கு மட்டும் வரவேற்பு போதவில்லை. ஆவுடையப்பன் கடைசியாக இறங்கினான். முன்பக்கம் வழுக்கை, அப்பாவின் மூக்கு, கையில் அதே வாட்ச்.

“எவ்வளவு நேரம்டி சுத்துறது? காலு மரத்துப்போச்சு.”

“போன் பண்ணாதவன் பேசக் கூடாது.”

“சாப்டியா?”

“பிரியாணி.”

“எனக்கு எடுத்து வச்சியா?”

“இல்ல.”

“என்னைக்கு வச்சிருக்க?” என்று சொல்லிப் பையை அவள் தோளில் மாட்டிவிட்டான். கனமாக இருந்தது. அவளுக்கு அதுவும் பிடித்திருந்தது.

வாசலில் ஜெபராஜ் மீந்த வடையோடு எதிரே வந்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்த உற்சாகத்தில் அவர் அடுத்த வருஷத்துப் பயிற்சியைத் தானே எழுதி முடித்திருந்தார்.

“கடல் ஓடுதளத்துக்குள்ள வர்ற மாதிரி வச்சிருக்கேன்மா. மேல ‘பயிற்சி’ங்கிற அந்த ஒரு வார்த்தையை மட்டும் நாளைக்கு வந்து சேத்துரு.”

சரி சார் என்று சொல்லிவிட்டு அவள் அண்ணனோடு சாலைக்கு வந்தாள். காற்றில் உப்பு வாசனை அடித்தது. உசிலம்பட்டிக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வேனை மேட்டுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கண்மாய்ப் பக்கமிருந்து முதல் அலை நுரைத்துக்கொண்டு வந்தது.

“செருப்பைக் கழட்டிக் கையில வச்சுக்கடி,” என்றான் ஆவுடையப்பன்.

அவள் கழற்றி ஒரு கையில் வைத்துக்கொண்டாள். மறு கையை அவன் பிடித்துக்கொண்டான். இந்தத் தடவை விடவில்லை.