அட்டை மெஷின்

தொழிற்சாலையில் அவளைப் பட்டாணி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் அத்தனை குள்ளம். ஆறு வருடமாகப் பிரஸ் மெஷினில் தகடு வெட்டுகிறாள். பக்கத்து மெஷினில் அவளுடைய அண்ணி. வீட்டில் சம்பளம் வாங்குவது இவர்கள் இருவர் மட்டும்தான்.

பழைய மெஷின் அது. இடமும் வலமும் உள்ள இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தினால்தான் அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டிவிடக் கூடாது என்று அந்த ஏற்பாடு. ஆனால் ஒரு பொத்தானை அழுந்தியபடியே ரப்பர் பேண்டால் கட்டிவிட்டால் ஒற்றைக் கையால் ஓட்டலாம். பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டினார்கள். பிடிபட்டால் வேலை போய்விடும்.

புது மெஷின் வடிவமைக்கிற பெண் ஒருத்தி ஒரு நாள் வந்து, சாப்பாட்டுக் கூடத்து மேஜைமேல் அட்டையில் நிஜ அளவில் செய்த மெஷின் ஒன்றை வைத்தாள். "ஓட்டப்போறது நீங்க. எப்படி இருக்கணும்னு நீங்கதான் சொல்லணும்."

சூப்பர்வைசர் மூலையில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். யாருக்கு வாய் வரும்? வெளிச்சம் போதவில்லை என்றாள் ஒருத்தி. பச்சை நிறம் நன்றாயிருக்கும் என்றாள் இன்னொருத்தி.

"சரி, பேச வேண்டாம். ஓட்டிக் காட்டுங்க" என்று வடிவமைக்கிறவள் அண்ணியைக் கூப்பிட்டாள்.

அண்ணி போய் நின்றாள். பழகிய கை. மணிக்கட்டிலிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றி, அட்டைப் பொத்தான்மேல் மாட்டிவிட்டது. அப்புறம்தான் அவள் முகம் வெளிறியது.

சூப்பர்வைசர் எழுந்தார். "யார் சொல்லிக் குடுத்தது இதை?"

அண்ணி தலையை நிமிர்த்தவே இல்லை. சொல்லமாட்டாள், அது பட்டாணிக்குத் தெரியும்.

"நான்தான் சார்" என்று முன்னால் வந்தாள். "கொஞ்சம் இங்க வந்து நில்லுங்க."

அட்டை மெஷினுக்கு அடியில் இரண்டு பெட்டிகளை அடுக்கினாள். பொத்தான்கள் சூப்பர்வைசரின் நெற்றி உயரத்துக்குப் போயின. "பழைய மெஷின்ல பொத்தான் எங்களுக்கு இந்த உசரத்துலதான் சார் இருக்கு. அம்பது தடவை அழுத்துங்க. நாங்க ஒரு ஷிப்டுக்கு ரெண்டாயிரம்."

அவர் அசையவில்லை. வடிவமைக்கிறவள், "நானும் பாக்கணும் சார், ப்ளீஸ்" என்றாள். முறைத்துக்கொண்டே வந்து அழுத்தினார். பெண்கள் மெதுவாக எண்ணினார்கள். முப்பத்தி நாலில் கை தாழ்ந்தது.

"அதுக்காகக் கட்டிடுவீங்களா? விரல் போனா?"

"போகும்னு தெரியும் சார்" என்றாள் பட்டாணி. "தோள் தினமும் போகுது."

பின்வரிசையில் ஒருத்தி எழுந்து தன் மணிக்கட்டிலிருந்த ரப்பர் பேண்டைக் காட்டினாள். பிறகு இன்னொருத்தி. அவர் நோட்டைத் திறந்தார், எழுதாமலே மூடினார்.

"பொத்தானை எங்க வைக்கலாம்?" என்று வடிவமைக்கிறவள் கேட்டாள். பட்டாணி அதைப் பிய்த்து இடுப்பு உயரத்தில் ஒட்டினாள். "கட்டினா மெஷினே ஓடக் கூடாது, அதையும் எழுதிக்குங்க" என்றாள் அண்ணி. "ஆனா எத்தனை வெட்டினோம்னு எண்ணிக்கை காட்டுற அந்தப் பலகை கண்ணு முன்னாடி வேணாம். அதப் பாத்துதான் கை பறக்குது."

இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பட்டாணிக்கு மூன்று நாள் சஸ்பென்ஷனும். ஐந்தாம் மாதம் புது மெஷின் வந்தது. பொத்தான்கள் இடுப்பு உயரத்தில் இருந்தன. பட்டாணி ஒன்றைக் கட்டிப் பார்த்தாள், மெஷின் அசையவில்லை. எண்ணிக்கைப் பலகை மட்டும் அதே இடத்தில் மின்னிக்கொண்டிருந்தது.

"அட்டை மெஷின் கொண்டுவந்த அந்தப் பொண்ணோட போன் நம்பர் உங்கிட்ட இருக்கா?" என்று கேட்டாள் அண்ணி.