பலகையில் நூறு

மழை தூறிக்கொண்டிருந்தது. விரைவுச்சாலையின் ஓரத்தில் இரண்டு பேர் குழியில் தார்க்கலவையைக் கொட்டி இடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குச் சற்று முன்னே, வண்டிகள் வரும் பக்கம் பார்த்தபடி, கொடிக்காரர் சிவப்புக் கொடியை ஆட்டிக்கொண்டு நின்றார். மேலே மின்பலகை நூறு என்று காட்டியது. நூறில் போகலாம் என்று பலகையே சொல்லும்போது நனைந்த துணியை எவன் மதிப்பான்?

கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்க்கும் மச்சினனைப் போனில் அழைத்தார்.

"மாப்ள, போர்டுல அறுபது போடுடா. லாரிக்காரன் சட்டையை உரசிட்டுப் போறான்."

"இதோ மாமா. திரையில உங்களைத்தான் பாத்துட்டிருக்கேன்."

மச்சினன் எண்ணை மாற்றினான். வண்டிகள் அடங்கின. கேமரா கம்பத்தைப் பார்த்துக் கொடிக்காரர் கையை உயர்த்தினார்.

மேனேஜர் காபிக் கோப்பையோடு கட்டுப்பாட்டு அறைக்குள் வந்தார். மழைக்கும் வேலைக்கும் தக்கபடி வேகத்தைக் குறைத்து உயிர் காக்கும் பலகை இது என்று திறப்பு விழாவில் முழங்கிய மகான் இவர்தான்.

"யாருய்யா அறுபது போட்டது?"

"ரோட்டுல ஆளுங்க வேலை செய்யறாங்க சார். ஈரம் வேற."

"மூணு பேரு குழி அடைக்கிறதுக்கு ஊரே மாட்டுவண்டி ஓட்டணுமா? வண்டி தேங்கினா என் தலைதான் உருளும். நூறாக்கு."

"அதுல ஒருத்தர் எங்கக்கா வீட்டுக்காரர் சார்."

"அப்ப ஓரமா நிக்கச் சொல்லு."

சொல்லிவிட்டு, தானே குனிந்து பொத்தானை அமுக்கினார். மச்சினன் அவசரமாகப் போன் போட்டான். கொடிக்காரர் கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துப் போனை எடுப்பது திரையில் தெரிந்தது. அதற்குள் லாரி வந்துவிட்டது.

மறுநாள் மச்சினன் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வேலைக்கு வந்தான். மாமாவின் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நான் ஏன்டா அந்த நேரத்தில் கூப்பிட்டேன் என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்திருந்தான். மேனேஜருக்கு அப்படி எந்த உறுத்தலும் இல்லை. புதுச்சட்டை போட்டிருந்தார்.

"விபத்து நடந்த இடத்தைப் பாக்க அதிகாரிங்க வந்திருக்காங்க. நாப்பது போடுய்யா. பெரிய மனுஷங்க ரோட்டுல நிக்கிறாங்க, ஏதாவது ஆயிடப்போகுது."

மச்சினன் கையை மடியிலேயே வைத்திருந்தான்.

"நேத்து மாதிரி நீங்களே அமுக்குங்க சார்."

மேனேஜர் முறைத்தார். பிறகு அமுக்கினார்.

திரையில் ஐந்தாறு குடைகள் அரைகுறையாய் அடைத்த குழியைச் சுற்றி நின்றன. வண்டிகள் ஊர்ந்து வந்தன. தார்ச்சாலையில் ஒட்டிக் கிடந்த சிவப்புக் கொடியின் மேல்கூடச் சக்கரம் படாமல், ஒவ்வொரு வண்டியும் பார்த்துப் பார்த்து விலகிப் போனது.